பூப்பாத்திக்குப் பலகை வாங்குமுன்

நம் சங்கங்களின் பொதுச் சபைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகின்றது. வீட்டுப் புழக்கடையிலும் தறிக்கூடத்தை ஒட்டிய சிறு மனையிலும் பூச்செடி வளர்ப்பதற்காக, நாற்புறமும் பலகை அடைத்து மண் நிரப்பிய மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்ளச் சங்கம் உதவவேண்டும் என்பதே அது. நெசவாளர் குடும்பத்துப் பெண்கள் கேட்கிறார்கள். களிமண் நிலத்தில் நாற்று வளர்க்கும் பூ விவசாயிகளும் கேட்கிறார்கள். கோரிக்கை நியாயமானது, பஞ்சாயத்தாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறிய பிறகு, எந்த மரத்தில் பலகை வாங்குவது என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. எந்தக் கடையில் விலை குறைவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இது பெருந்தவறு என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமையும் உண்டு. அத்தவற்றுக்குக் கையொப்பம் இட்டவர்களுள் நானும் ஒருவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, என் சரகத்திலுள்ள ஒரு சங்கம் (பெயர் வேண்டாம்) 32 அங்கத்தினர்களுக்குப் பாத்திச் சட்டங்கள் செய்து கொடுத்தது. பொது நன்மை நிதியிலிருந்து ஒரு பகுதி, அங்கத்தினர் பங்காக ஒரு பகுதி என்று பணம் சேர்ந்தது. மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. குறைந்தது எதுவோ அது ஏற்கப்பட்டது. வந்த பலகை மாமரமும், பெட்டி அடிக்கும் ஏதோ ஒரு மென்மரமும் கலந்தது. பார்வைக்கு வழவழப்பாக, மஞ்சளும் வெண்மையுமாக அழகாகவே இருந்தது. நான் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன், பற்றுச்சீட்டுகளைப் பார்த்தேன், எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், ‘விதிப்படி சரி’ என்று எழுதினேன். மரத்தை மட்டும் பார்க்கவில்லை.

முதல் மழைக்காலம் எப்படியோ கழிந்தது. இரண்டாம் ஐப்பசி மழையில் நனைந்த மண்ணின் பாரம் தாங்காமல் பலகைகள் வெளிப்புறம் பிதுங்கின. அடிப்பக்கத்தைக் கையால் தொட்டால் நனைந்த ரொட்டியைப் போல உதிர்ந்தது. மேல்பக்கம் கெட்டியாகத் தோன்றிய சில பலகைகளைத் தட்டினால் டொப்பென்று ஓசை கேட்டது. உள்ளே கரையான் புகுந்து வெறும் தோலை மட்டும் விட்டிருந்தது. மல்லிகைப் பதியன்கள் சரிந்த மண்ணோடு சாக்கடையில் கிடந்தன. நான் சென்றபோது, அறுபது வயதைக் கடந்த ஒரு நெசவாளர் அம்மாள் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது: “தறிக்கு மரம் வாங்குறப்போ எங்களைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்றீங்க, தம்பி. மண்ணுக்குள்ள போற மரத்துக்கு மட்டும் கடைக்காரர் சொன்னதே போதுமா?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் இவ்விஷயத்தைப் படிக்கவும், தச்சர்களையும் பழைய மர வியாபாரிகளையும் கேட்டறியவும் தொடங்கினேன். அறிந்தவற்றுள் அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மேட்டுப்பாத்தி எல்லோருக்கும் வேண்டியதன்று. வேண்டியவர்களுக்கும் மரச்சட்டம் எப்பொழுதும் தேவையில்லை. மல்லிகையின் வேர் தேங்கிய நீரைப் பொறுக்காது என்பது உண்மையே. அதனால் வடிகால் இல்லாத கரிசலிலும் களியிலும் பாத்தியை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஆயினும் திறந்த வயலில் மண்ணை அணைத்து மேடாக்கிப் பக்கத்தில் வாய்க்கால் எடுத்தாலே போதும். பலகையின் தேவை எழுவது இடம் குறுகிய இடத்தில்தான். நெசவாளர் குடியிருப்புகளில் வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால் பெரிது. அதிலும் பெரும்பாலும் கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும்தான் நிறைந்திருக்கும். அங்கே மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து ஓரடி உயரத்திற்கு நிரப்புவதே வழி. நிரப்பிய மண் சரியாமல் நிற்கச் சுற்றிலும் அடைப்பு வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கங்களில் வேலிக்கே கல்தூண் நடுகிறார்கள். அத்தகைய இடங்களில் கற்பலகை மலிவாகக் கிடைக்குமானால் அங்கத்தினர்கள் இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டுக் கல்லையே வாங்கலாம். கல் உளுப்பதில்லை. மற்ற ஊர்களுக்குத்தான் மரத்தின் பேச்சு.

மரம் எப்படி அழிகின்றது என்பதை அறியாமல் மரத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. அழுகலை உண்டாக்குவது ஒருவகைப் பூஞ்சை. அதற்கு ஈரம், காற்று, இதமான வெப்பம் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கவேண்டும். கூரையிலுள்ள கைமரத்திற்கு ஈரம் கிடைப்பதில்லை. ஆகையால் அது நூறாண்டு நிற்கின்றது. நன்கு காய்ந்து, ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சை வளர்வதில்லை. மறுபுறம், நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மரத்திற்குக் காற்று கிடைப்பதில்லை. அதுவும் நெடுநாள் கெடாது. கிணற்றின் அடியில் நெல்லிமரப் பலகை போட்ட நம் முன்னோர் இதை அறிந்தே போட்டனர். இவ்விரண்டுக்கும் இடையில் நனைந்து காய்ந்து மீண்டும் நனையும் மரம்தான் விரைவில் அழிகிறது. வேலிக்கால் எப்பொழுதும் தரைமட்டத்தில்தான் முறிகிறது. மேலேயும் முறிவதில்லை, ஆழத்திலும் முறிவதில்லை. குழித்தறியில் மண்ணைத் தொட்டு நிற்கும் கட்டையைப் பார்த்திருக்கும் நெசவாளர் எவருக்கும் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

இப்பொழுது பாத்திப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எருவும் ஈரமும் கலந்த மண். மறுபக்கம் வெயிலும் காற்றும். காலையில் நீர் ஊற்றுகிறோம், மாலையில் காய்கின்றது. அழுகலுக்கு இதைவிட வசதியான வீட்டை நாமாகத் திட்டமிட்டுக் கட்டித் தரமுடியாது. கரையானுக்கோ மண்ணிலிருந்து மேலேற நீண்ட வழி கூடத் தேவையில்லை. வாசலிலேயே உணவு வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பாத்திப் பலகையை மேசை, நாற்காலி போன்ற மரச்சாமானாகக் கருதாமல் மண்ணில் நட்ட வேலிக்காலாகக் கருதியே விலை பேசவேண்டும்.

அடுத்து வைரமும் வெளிறும். வெளிப்புறம் வைரமாக இருப்பதைப் புல் என்றும், உட்புறம் வைரமாக இருப்பதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. பனையும் தென்னையும் முன்னதில் சேர்கின்றன. தேக்கும் வேம்பும் பின்னதில். இலக்கண நூலில் உள்ள இப்பிரிவைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, மரக்கடையில் பயன்படும் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் பலகை வாங்கச் செல்பவருக்கு இதைவிடத் தேவையான அறிவு வேறில்லை. மரம் வளர வளர அதன் உள்ளடுக்குகளில் உயிரோட்டம் நின்று, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஒவ்வாத பொருள்கள் அங்கே படிகின்றன. நிறம் கறுத்த அந்தப் பகுதியே வைரம். சேகு என்றும் சொல்வர். அதைச் சுற்றி நீரும் மாவுச்சத்தும் ஓடும் வெளிறிய பகுதியைத் தச்சர்கள் ‘வெள்ளை’ என்பார்கள். வைரத்தின் உறுதி மரத்துக்கு மரம் வேறுபடும். வெள்ளையோ எந்த மரத்ததாயினும் மண்ணில் நிற்காது.

தேக்கு என்ற பெயரைக் கேட்டதும் நாம் மயங்கிவிடுகிறோம். வயல் வரப்பில் நட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் வெட்டிய இளந்தேக்கில் பாதிக்குமேல் வெள்ளையாகவே இருக்கக் காணலாம். அந்த வெள்ளைக்கும் மாம்பலகைக்கும் மண்ணுக்குள் பெரிய வேறுபாடு இல்லை, விலையில்தான் வேறுபாடு. ஆகையால் கடையில் மரத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் பலகையின் வெட்டுமுனையைப் பார்க்கவேண்டும். நடுவில் கறுத்தும் ஓரத்தில் வெளுத்தும் இருந்தால், வெளுத்த ஓரம் எவ்வளவு என்று அளக்கவேண்டும். கையில் தூக்கிப் பார்க்கவேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்ற ஓசைக்கும் மொத்தென்ற ஓசைக்கும் உள்ள வேற்றுமையை அறிய நெசவாளர் காதுக்குப் பயிற்சி வேண்டியதில்லை. ஊசித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால், எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.

இவ்வாறு தட்டிப் பார்ப்பதை அறிவியலாளரும் வேறு வகையில் செய்திருக்கின்றனர். இந்திய மரங்களின் உறுதியை அறிய 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் சதுரமும் உள்ள துண்டுகளை, எம்மருந்தும் பூசாமல், மண்ணில் பாதி புதைத்து எத்தனை மாதம் நிற்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். இடுகாட்டுச் சோதனை என்றே அதற்குப் பெயர். இந்தியத் தரநிர்ணயத்தில் அதன்படி மூன்று வகுப்புகள் வகுத்திருக்கிறார்கள்: சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் நிற்பது முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதத்திற்குள் நிற்பது இரண்டாவது, 60 மாதம்கூட நிற்காதது மூன்றாவது. தேக்கின் வைரம் முதல் வகுப்பு. மாவும் இலவும் மூன்றாம் வகுப்பு. நான் ‘விதிப்படி சரி’ என்று எழுதியது மூன்றாம் வகுப்பு மரத்திற்குத்தான். தரநிர்ணயப் புத்தகம் எங்கள் அலுவலக அலமாரியில் இல்லை என்பது ஒரு சமாதானமாகாது. ஊர்த் தச்சர் ஒருவரைக் கேட்டிருந்தாலே போதும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் முதல் பரிந்துரை, பழைய வீட்டு மரம். ஓட்டு வீடுகளை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கின்றது. இடிக்கும்போது இறங்கும் கைமரங்களும் உத்தரங்களும் முதிர்ந்த மரத்தில் அறுக்கப்பட்டவை. ஐம்பது ஆண்டு காய்ந்தவை. இனி வளையவும் வெடிக்கவும் அவற்றில் மிச்சமில்லை. காரைக்குடியில் இதற்கென்றே பெரும் வியாபாரம் நடக்கின்றது. சிறு ஊர்களிலும் பழைய மரம் விற்பவர் ஒருவராவது இருப்பார். தென் மாவட்டங்களில் இவ்வகையில் கிடைக்கும் பனங்கைகள் அருமையானவை. பனை புறத்தே வைரம் பாய்ந்ததாதலால், கறுத்த வெளிப்பகுதி மண்பக்கம் இருக்கும்படி வைக்கவேண்டும்; உட்புறச் சோற்றைச் செதுக்கி நீக்கிவிட வேண்டும். இதற்காகப் பனையை வெட்டலாமா என்று ஒரு சங்கத்தில் கேட்டார்கள். கூடவே கூடாது. பனை நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு இல்லாவிட்டாலும், நுங்கும் பதநீரும் ஓலையும் தரும் மரத்தைப் பாத்திக்கு அடைப்பாக்குவது எவ்விதச் சிக்கனம்?

பழைய மரம் கிடைக்காத இடத்தில் முதிர்ந்த நாட்டுக் கருவேலை நம்பலாம். ஏரும் வண்டிச்சக்கரமும் செய்த மரம் அது. ஆணி இறங்க மறுக்கும், துளையிட்டே அடிக்கவேண்டும். வேம்பைப் பற்றி மக்களிடம் பெரும் நம்பிக்கை உண்டு. கசப்பு இருப்பதால் கரையான் அண்டாது என்பார்கள். முதிர்ந்த வேம்பின் வைரத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. ஆனால் இளவேம்பின் வெள்ளைப் பகுதி கசப்பையும் மீறி உளுத்துப்போவதை நானே பார்த்திருக்கிறேன். சவுக்கு, சாரத்திற்கு ஏற்றது. மண்ணில் நட்டால் விரைவில் போய்விடும். தைல மரம் காயும்போது பிளக்கும். மூங்கிலை மருந்திடாமல் மண்ணில் வைத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை எதிர்பார்க்கலாம்; அதற்கு மேல் இல்லை. தென்னைக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தென்னைகளைப் பிளந்து பாத்திக்கு அடைப்பாக வைத்த டெல்டா விவசாயிகள் சிலரிடம் பேசியிருக்கிறேன். சும்மா கிடந்து மட்குவதைப் பாத்தியோரம் மட்கவிட்டோம் என்று சிரித்தார்கள். காசு கொடுத்து வாங்காதவரை அதில் பிழையில்லை.

சீமைக் கருவேலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நிலத்தைக் கெடுக்கும் அம்மரத்தை அகற்றவேண்டும் என்று 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் மாநில அரசும் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. வெட்டியதெல்லாம் கரியாகவும் விறகாகவும் போகின்றது. ஆனால் அதன் வைரம் கனமானது, மண்ணில் நன்கு நிற்கக்கூடியது. நீண்ட பலகையாக அறுக்க வராது. வளைந்தும் குட்டையாகவும் இருக்கும். பாத்திப் பலகை பிதுங்காமல் வெளிப்புறம் முட்டுக்கொடுக்கும் முளைகளுக்கு நீளம் எதற்கு? இரண்டடித் துண்டு போதும். பட்டையையும் வெள்ளையையும் செதுக்கிவிட்டு முளையாக அடித்தால், களையையும் ஒழித்துக் காசையும் மிச்சப்படுத்தியவர்களாவோம்.

இனி மருந்து விஷயம். இக்கட்டுரையை எழுத என்னை உண்மையில் தூண்டியது இதுதான். மலிவு மரத்தையே வாங்கி மருந்திட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உளர். மரத்தைக் காக்கும் மருந்துகளுள் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் கலவையை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-இல் கண்டறிந்தவர் சொந்தி காமேசன். மின்கம்பத்திற்கும் பாலத்திற்கும் அது பேருதவி செய்தது. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். மழையில் சிறுகச் சிறுக மண்ணில் கசிகின்றது என்று கண்டபின், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்திற்கான மரத்தில் இம்மருந்தைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டனர். மின்கம்பத்திற்கு நல்ல மருந்து பூப்பாத்திக்கு நல்லதாக வேண்டும் என்பதில்லை.

பழைய இரயில் தண்டவாளக் கட்டைகள் சில இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. கனத்த வைர மரம். பார்த்தவுடன் ஆசை தோன்றும். அவற்றில் ஊறியிருப்பது கிரியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெய். வெயிலில் இன்றும் வாடை வரும். புற்றுநோயை விளைவிக்கக்கூடிய பொருள்கள் அதில் உண்டு. குழந்தைகள் உட்காரும் பாத்தியோரத்திற்கு அது வேண்டாம். மோட்டார்ப் பட்டறைக் கழிவு எண்ணெயை வேலிக்காலுக்குப் பூசும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. காசு செலவில்லாத மருந்து என்று எண்ணுகிறோம்; அதிலுள்ள உலோகங்களும் நச்சுப் பொருள்களும் மண்ணில் இறங்கினால் எடுக்க வழியில்லை. பழைய வீட்டு மரத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை: வண்ணம் பூசிய கதவு, சன்னல்களை விட்டுவிட்டு, வண்ணம் படாத கைமரங்களையே எடுங்கள். வீட்டு வண்ணத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வண்ணத்தில் ஈயம் இல்லையென்று எவரும் உறுதி கூற இயலாது.

தொழிற்சாலைகளிலிருந்து சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவையாயின், கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதில் ‘எச்.டி.’ என்னும் எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, தீங்கில்லை. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை இட்டது, தவிர்க்கவேண்டும். எச்.டி. ஆயினும் அது பெரும்பாலும் மென்மரமே. சூடேற்றுவது அன்றிருந்த பூச்சியைக் கொல்லுமே தவிர, நாளை வரும் கரையானைத் தடுக்காது.

வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது நல்ல முறை. தறிமரம் உளுக்காமல் இருக்கச் சங்கங்கள் இதைக் கையாளலாம். ஆனால் அது நீரில் கரையும் மருந்து. நாள்தோறும் நனையும் பாத்திப் பலகையிலிருந்து அது கழுவப்பட்டுப் போய்விடும்.

பூவைத் தின்னப்போவதில்லையே, விஷம் இருந்தாலென்ன என்று ஒரு பஞ்சாயத்தார் என்னிடம் வாதிட்டார். விடியுமுன் வெறுங்கையால் மண்ணைத் தொட்டு மொட்டுப் பறிப்பவர் யார்? அதே கையால் நாரை எடுத்துப் பல்லால் கடித்துத் தொடுப்பவர் யார்? மல்லிகை விலை வீழ்ந்த ஆண்டில் அதே பாத்தியில் கீரை விதைக்காத வீடு எது? அவர் மேலும் வாதிடவில்லை.

கட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: அகலம் நான்கடியை மீறவேண்டாம், இருபுறமிருந்தும் கை எட்டவேண்டும். பத்தடி நீளம், ஓரடி உயரத்திற்கு 40 கன அடி மண் பிடிக்கும். நனைந்தால் அது ஒன்றரை டன்னுக்குக் குறையாது. எனவே மூன்றடிக்கு ஒரு முளையும், நீளவாட்டின் நடுவில் குறுக்குக் கட்டை ஒன்றும் அவசியம். பலகையை நேரே தரையில் வைக்காமல் ஒரு வரிசைச் செங்கல்லின் மேல் வையுங்கள். இவ்வொன்றே அதன் ஆயுளை நீட்டும். முளைகளை வெளிப்புறம் அடித்தால், கெட்ட ஒன்றை மண்ணைக் கலைக்காமல் மாற்றலாம். அடிப்புறம் திறந்தே இருக்கட்டும்.

இப்பொழுது கணக்கிற்கு வருகிறேன். அது என் தொழில். மேற்சொன்ன பாத்திக்குச் சுற்றளவு 28 அடி. ஓரடி உயரமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள பலகைக்கு மூன்றரை கன அடி மரம் செல்லும். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மலிவு மரம் கன அடி ரூ. 600 என்றும், நல்ல பழைய மரம் ரூ. 1,800 என்றும் வைத்துக்கொள்வோம். முன்னதற்கு ரூ. 2,100, பின்னதற்கு ரூ. 6,300. தச்சுக்கூலிக்கும் மண் நிரப்பவும் இரண்டிற்கும் ரூ. 1,500. ஆக ரூ. 3,600-உம் ரூ. 7,800-உம். விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல் இங்கேயே நின்றுவிடுகின்றது. முன்னது இரண்டாண்டும் பின்னது பத்தாண்டும் நின்றால், ஆண்டுக்கு முன்னதன் செலவு ரூ. 1,800, பின்னதன் செலவு ரூ. 780. இரண்டாம் ஆண்டில் சாக்கடையில் போன பதியன்களையும், அவை பூத்திருந்தால் வந்திருக்கும் பணத்தையும் இதில் நான் சேர்க்கவில்லை.

ஆனால் விதி குறைந்த விலையைத்தானே ஏற்கச் சொல்கிறது என்று காரியதரிசிகள் கேட்பர். இங்கே விதியின்மேல் பழி போடுவது நேர்மையாகாது. ஒரே தரமுள்ள பொருளுக்குள் குறைந்த விலையை ஏற்க என்பதே அதன் கருத்து. தரம் இன்னதென்று எழுதாமல், ‘பாத்திப் பலகை, 32 செட்’ என்று மட்டும் எழுதி விலை கேட்டவர்கள் நாம். கேட்டதை வியாபாரி கொடுத்தார். எந்த மரம், வெள்ளை எவ்வளவு வரை அனுமதி, கனம் எத்தனை அங்குலம், நச்சு மருந்து இடாதது, வண்ணம் படாதது என ஐந்து வரிகள் விலைக்கோரலில் சேர்ந்திருந்தால் அம்மாமரப் பலகை சங்கத்தின் வாசலுக்கே வந்திராது. தணிக்கையிலும் ஒரு மாறுதல் வேண்டும் என்பேன். மரச்சாமானுக்கு நாம் போடும் தேய்மான விகிதம் கூரைக்குக் கீழே இருக்கும் பீரோவுக்குப் பொருந்தலாம். மண்ணில் நிற்கும் மரத்திற்கு அதையே போட்டால், பொருள் மக்கிப்போன பின்பும் பதிவேட்டில் அது புதிதாகவே நிற்கும். மேற்சொன்ன சங்கத்தின் பேரேட்டில் அச்சட்டங்கள் இன்றும் நல்ல மதிப்போடு இருப்பதைக் கண்டு நான் வெட்கமுற்றேன்.

கொள்முதலைப் பார்வையிடும் குழுவில் மரம் அறிந்த அங்கத்தினர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பதும் என் கருத்து. நெசவாளர் சங்கங்கள் தறிக்கு எப்படியும் மரம் வாங்குகின்றன. பூ விவசாயிகள் சங்கம் அவர்களோடு சேர்ந்து வாங்கினால், இடிக்கும் வீடொன்றின் மரம் முழுவதையும் ஒரே விலையில் பேசி எடுக்கலாம். நீண்டு நேரானது தறிக்கு. துண்டும் ஓரமும் பாத்திக்கு. தனித்தனியே சில்லறையில் வாங்கும்போது இவ்வசதி இரு சங்கத்திற்கும் கிட்டுவதில்லை.

அச்சங்கம் இவ்வாண்டு பன்னிரண்டு பாத்திகளை மட்டும் மீண்டும் அமைக்கத் தீர்மானித்திருக்கிறது. மற்ற இருபது குடும்பங்கள் இன்னும் நம்பிக்கை கொள்ளவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. பார்வையிடும் குழுவின் மூவருள் அந்த நெசவாளர் அம்மாளும் ஒருவர். பக்கத்து ஊரில் தை பிறந்ததும் ஓர் ஓட்டு வீட்டைப் பிரிக்கப்போகிறார்களாம். கைமரங்களைக் கீழே இறக்குமுன் சென்று தட்டிப் பார்க்க ஏற்பாடாகியிருக்கிறது. நானும் உடன் வரலாமா என்று கேட்டேன். வரலாம், சுத்தியல் ஒன்று கொண்டுவா, தம்பி என்றார்.